காட்டு விடுதியும் நம் கைகளும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் தங்கும் விடுதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே தலைமையாசிரியர் என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. பெங்களூரில் வாரமெல்லாம் கணிப்பொறி முன் அமர்ந்திருப்போர், விடுமுறை நாட்களில் மரநிழல் நாடி எல்லை தாண்டி வருகின்றனர். அவர்களுக்காக நம் வட்டாரத்திலும் பண்ணை வீடுகளும் விடுதிகளும் எழுகின்றன. நிலம் கேட்டு நம் தெருவுக்கும் தரகர்கள் வருகிறார்கள். "நிலத்தைக் கொடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு அங்கேயே வேலை தருகிறோம்" என்பது அவர்கள் பேச்சு. அது என்ன வேலை? மேல்நிலைத் தேர்வில் வென்ற என் பழைய மாணவன் ஒருவன் இத்தகைய விடுதியொன்றில் வேலை கேட்டுச் சென்றான். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தபின் அவன் கையில் தந்தது துடைப்பம். அடுக்களைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, ஒரு விடுதி ஊருக்கு உதவுகிறதா என்று அறிய, எத்தனை பேருக்கு வேலை தந்தது என எண்ணினால் போதாது. அடுப்படியில் நிற்பவர் யார், கணக்கு யார் கையில் இருக்கிறது, மிஞ்சும் பணம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

இக்கேள்விகளுக்குப் பெரும்பாலும் நல்ல விடை தரும் விடுதியொன்று நமக்கு அண்டை மாநிலத்தில், சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையில் இருக்கிறது. அம்மலையின் பூர்வ குடிகள் சோலிகர். மலைமேல் உள்ள ரங்கநாதர் சோலிகர் குலப் பெண்ணை மணந்ததாகக் கதை. அவ்வுறவால் சாமியே அவர்களுக்கு மைத்துனர். ஆனால் மைத்துனர் உறவு நிலத்தைக் காத்துத் தரவில்லை. 1974இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் சிதறி வாழ்ந்து பயிர் செய்தவர்கள் வெளியேற்றப்பட்டுக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர்.

அங்கே டாக்டர் சுதர்சன் என்னும் மருத்துவர் 1981இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தை நிறுவினார். மருத்துவத்தோடு பள்ளியும் வந்தது. 1994இல் அவருக்கு ஸ்வீடன் நாட்டின் 'சரியான வாழ்வுரிமை' விருது கிடைத்தது. சோலிகருள்ளே பட்டதாரிகள் தோன்றினர். முனைவர் பட்டம் பெற்றவரும் உண்டு. விடுதி வந்தது இதற்கெல்லாம் பின்னரே. அதன் பெயர் 'கோருகன'. சோலிகர் கூடி ஆடும் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது. சில குடில்கள், மரத்தின்மேல் ஒரு வீடு, சுற்றிலும் காடு. அங்கே பணிபுரிவோரில் பெரும்பகுதியினர் சோலிகரே. வருவாயில் மிஞ்சுவது கேந்திரத்தின் கல்வி, மருத்துவப் பணிகளுக்குச் செல்கிறது. விருந்தினர் ஓர் இரவு தங்கித் தரும் பணத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளியின் மருந்துக்கும் ஆகிறது என்று பொருள்.

எனக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. அவ்விடுதி ஓர் அறநிறுவனத்தைச் சார்ந்தது. சோலிகர் குடும்பங்கள் அதன் பங்குதாரர்கள் அல்ல. நல்லவர் கையில் உள்ள சொத்தும் பிறர் கையில் உள்ள சொத்துதானே! சோலிகரும் வெறும் ஊதியத்தோடு அமைதி கொள்ளவில்லை. தேனும் நெல்லிக்காயும் எடுக்கத் தடை வந்தபோது சங்கம் வைத்துப் போராடினார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்த்து, கிராம சபைகளின் வழியே விண்ணப்பித்து, 2011இல் சமூக வன உரிமை பெற்றார்கள். அதே ஆண்டுதான் அம்மலை புலிகள் காப்பகமும் ஆயிற்று. சட்டத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

அடுப்படியைப் பற்றிச் சொன்னேன். கோவை மாவட்டம் பில்லூர் அணைக்கு அருகே பரளிக்காடு என்றோர் இடம். வனத்துறையும் இருளர் மக்களும் சேர்ந்து அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். ஆண்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். நம் வீட்டுக் கேழ்வரகுக் களிதான்! நகரத்தார் காரில் வந்து, பணம் கட்டி, தரையில் அமர்ந்து அதை விரும்பி உண்கின்றனர். நம் ஒகேனக்கல்லிலும் வாங்கிய மீனை அங்குள்ள பெண்களிடம் கொடுத்துச் சமைத்து வாங்கி உண்பதைப் பார்த்திருப்பீர்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த நாட்டில் இது சிறு செய்தியன்று. நம் பெண்கள் சமைத்ததைப் பிறர் காசு கொடுத்து உண்ணும்போது உடைவது பட்டினி மட்டும் அல்ல.

இங்கே பாகலூரில் இதைச் செய்ய இயலுமா? புலியும் யானையும் காட்ட நம்மிடம் இல்லை. தென்பெண்ணை இருக்கிறது; ஆனால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் அந்நீரைக் காண யார் வருவார்? எனினும் ரோஜாத் தோட்டம் உண்டு, கேழ்வரகு வயல் உண்டு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நாவுகள் உண்டு. நான்கு அறைகளுக்கு இவை போதும் என்பது என் கருத்து.

முதலில் வேண்டுவது நிலம். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892 முதல் சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பஞ்சமி நிலம் என்பது அதுவே. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. ஆகையால் தரகர் முன்பணம் நீட்டினால், கையொப்பமிடுமுன் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பாருங்கள். படித்த பிள்ளை ஒருவனை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்தது முதல். தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொடங்கும் தொழிலுக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வகுக்கப்பட்டுள்ளன. நேரடி வேளாண்மைக்கு இது பொருந்தாது. விடுதித் தொழில் கற்க விரும்பும் பிள்ளைகள், சென்னை தரமணி உணவக மேலாண்மை நிறுவனத்தில் சேர்ந்து பயிலத் தாட்கோ உதவியிருக்கிறது, அதையும் விசாரியுங்கள். தொழில் திட்டத்தின் விவரம் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். திட்ட அறிக்கை எழுதுவதும் கணக்குப் போடுவதும் கடினமாகத் தோன்றினால், பள்ளி விட்டபின் மாலை வேளைகளில் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அம்மாமார்களும் வரலாம், அடுப்படிச் செலவுக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.