திரையில் எழும் நிலநடுக்கம்

1857-இல் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஏறத்தாழ 7.9 அளவில் குலுங்கியது. அதன் தென்கோடியோ சுமார் 300 ஆண்டுகளாகப் பெரிதாக அசையவே இல்லை.

அசையும்போது என்ன ஆகும்? வரட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிட முடியுமா? அதனால்தான் நிலநடுக்கத்தைக் கணினிக்குள் வரவழைத்துப் பார்க்கிறார்கள். 2010-இல் 8 அளவு நடுக்கம் ஒன்று ஜாகுவார் என்ற மீக்கணினியில் கணக்கிடப்பட்டது. 6 நிமிட அதிர்வைக் கணக்கிட 24 மணி நேரம் பிடித்தது!

இந்தப் பணியை முன்னின்று நடத்தியது, லாஸ் ஏஞ்சலிஸில் 1991-இல் தொடங்கிய தெற்குக் கலிபோர்னிய நிலநடுக்க மையம். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களையும் உதவித்தொகை கொடுத்து அது ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டது. நிலவியல் படிப்பவர் பக்கத்தில் கணினி படிப்பவர் உட்கார்ந்தார். ஒருவருக்குப் பாறை தெரியும், இன்னொருவருக்கு நிரல் தெரியும். இருவரும் பேசிப் பேசித்தான் வேலை நகர்ந்தது.

அப்படி அவர்கள் உருவாக்கிய மென்பொருள் ஒன்றில், பூமிக்கடியில் உள்ள பிளவுகளையும் நடுக்கப் புள்ளிகளையும் முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். எண்களாகக் கிடந்த தரவு கண்ணுக்குத் தெரிந்தது. விளையாட்டுப் பொருளல்ல அது. அந்த மையத்தின் விஞ்ஞானிகளே பயன்படுத்திய கருவி.

உங்கள் வீட்டில் கணினியும் புவியியலும் ஒருசேரப் பிடித்த பிள்ளை இருந்தால், இந்தச் செய்தியை இன்றே சொல்லுங்கள்.