மாலை நேரத்துக்கான போட்டி

பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுச் சந்தையின் எல்லையை, ஆட்டக்காரரின் பணத்தைவிட அவருடைய மாலை நேரமே தீர்மானிக்கிறது. பெரும் நஷ்டங்களுக்குப் பிறகே இத்துறை இதை உணர்ந்தது.

2004 நவம்பரில் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை வெளியிட்டது. அங்கே மாதச் சந்தா ஏறத்தாழ 15 டாலர். அதற்கு முன் புகழ்பெற்றிருந்த 'எவர்குவெஸ்ட்' சில லட்சம் சந்தாதாரர்களையே பெற்றிருந்தது. வார்கிராஃப்டோ 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. இத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்று பல நிறுவனங்கள் முதல் போட்டன.

அந்தக் கூட்டம் எளிதில் பிரிந்து வரவில்லை. தொடக்க காலத்து வார்கிராஃப்டில் பெரிய தாக்குதல் ஒன்றுக்கு 40 பேர் வரை ஒரே நேரத்தில் கூட வேண்டும். வாரத்தில் பல இரவுகள் அதிலேயே கழியும். இன்னொன்றுக்கு நேரமும் இருக்காது, இரண்டாவது சந்தா கட்ட மனமும் வராது. புதிய விளையாட்டு பிடித்திருந்தாலும் நண்பர்கள் பழைய இடத்தில்தான் இருப்பார்கள்; குழுவே பெயர்ந்தாலொழிய ஒருவர் நகர்வது அரிது. ஆள் சேரச் சேர மதிப்பு ஏறும் தொழிலில் முந்திக்கொண்டவருக்கே சாதகம்.

2011 டிசம்பரில் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' மூன்றே நாளில் 10 லட்சம் பேரைச் சேர்த்தது. ஓராண்டு முடியுமுன் அதை இலவசமாகவும் திறந்துவிட நேர்ந்தது. 2014இல் வந்த 'வைல்ட்ஸ்டார்' இலவசமாக்கியும் பிழைக்கவில்லை; 2018இல் மூடப்பட்டது.

இலவச முறை பரவியபின் நெருக்கடி கூடியது. 'ஃபோர்ட்நைட்' நுழைவுக்குக் காசு வாங்காமல் உடையும் அலங்காரமும் விற்கிறது. 'பருவம்' எனப்படும் குறிப்பிட்ட காலம் முடிவதற்குள் ஆடி முடித்தால்தான் பரிசு என்ற ஏற்பாடு ஆட்டக்காரரை வேறெங்கும் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வெளியானது. அதே வகை விளையாட்டுகள் பல இலவசமாகவே கிடைத்தன. செப்டம்பர் 6 அன்று சேவை நின்றது, பணம் திருப்பித் தரப்பட்டது, உருவாக்கிய ஸ்டூடியோவும் பிறகு மூடப்பட்டது.

சர்வர் நிற்கும்போது, ஆண்டுக்கணக்கில் வளர்த்த பாத்திரங்களும் அங்கே உருவான நட்பு வட்டமும் சேர்ந்தே போகின்றன. காசு கொடுத்து ஆடியவர்களுக்கு இது பெரிய அநியாயம். ஆனால் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாத சிறு கூட்டம்கூட ஒரு விளையாட்டு உயிரோடிருக்கப் போதும். கொரியாவின் என்சிசாஃப்ட் 2012இல் நிறுத்திய 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்', பின்னர் ரசிகர்களின் சொந்த சர்வர்களில் மீண்டு வந்தது. அவர்களில் ஒரு குழுவுக்கு 2024 ஜனவரியில் அந்நிறுவனமே உரிமம் வழங்கியது. சர்வர் செலவை அந்தக் குழு நன்கொடையில் சமாளிக்கிறது.