நடுக்கடலில் ஒரு பழுது



திருப்பூரில் பின்னல் இயந்திரத்தின் ஊசி முறிந்தால் கடைக்கு ஓடுகிறோம். கடையே இல்லாத நடுக்கடலில் என் செய்வது?

இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி, 2022-இல் பிரான்சிலிருந்து பாய்மரப் படகில் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டார். பிறர் உதவி பெறலாகாது என்பது அப்போட்டியின் விதி. காற்றின் போக்கை உணர்ந்து படகைத் தானே திருப்பும் பொறியின் நீர்ப்பலகை வழியில் முறிந்தது. அப்பொறி இன்றேல், தனியே செல்பவர் உறங்குவதும் அரிது. அவரோ படகின் கழிப்பறைக் கதவையே பலகையாக்கிப் பொருத்தினார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

கதவினுள் பலகையைக் கண்டது, பொறியின் இயக்கத்தை அறிந்த கண். ஆதலின், நம் ஆலைகளில் பொறியை ஓட்டப் பழகும் இளைஞருக்கு, அதைப் பிரித்துப் பூட்டவும் கற்பிக்க வேண்டும் என்பேன்.