கம்பத்துக் கட்டையும் நம் அடுப்பும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவ்வாத்து மலையில் மிலாறு கிடைக்கும் வரைக்கும் நமக்கு விறகுக் கவலை இல்லை. அது தீர்ந்ததும், கழற்றிப் போட்ட பழைய லைட் கம்பம், டெலிபோன் கம்பம் எது கிடைத்தாலும் வெட்டி லயத்துக்குக் கொண்டு வருகிறோம். இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மழை மாதத்தில் பிள்ளைக்குச் சுடுதண்ணீர் வைக்க வேறு என்ன வழி?

ஆனால் அந்தக் கம்பம் இத்தனை வருஷம் மழையில் நின்றும் கறையான் ஏன் தொடவில்லை? அதற்குள் மருந்து ஏற்றியிருக்கிறார்கள். கறுப்பாக, தார் வாடை அடித்தால் அது கிரியோசோட் எண்ணெய். பச்சை தட்டினால் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து. ஆர்சனிக் என்பது நம் பெரியவர்கள் சொல்லும் பாஷாணம்தான். நாள்பட்ட கட்டையில் அந்தப் பச்சையும் வெளுத்துவிடும்; கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நெருப்பில் போட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். பாஷாணம் அழியாது. கொஞ்சம் புகையோடு கிளம்பும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் துலக்குகிறோம், கீரைப் பாத்திக்கும் போடுகிறோம். பல் விளக்குகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், நாட்டுப்புறத்தில் இருந்த ஒரு குடும்பம், 8 பேர். இப்படி மருந்தேற்றிய பலகையை அடுப்பில் எரித்தார்கள். குளிர்காலம் வந்தாலே இருமல், தோல் தடிப்பு, வலிப்பு, கோடையில் குறையும். தாய் தகப்பனுக்குத் தலைமுடி முழுக்கக் கொட்டிப் போனது. 3 வருஷம் இப்படிப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. 1984இல் டாக்டர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். அவர்களுடையது வீடு. நம்முடையது ஒரே காம்பரா. அடுப்புக்குப் பக்கத்திலேதான் பிள்ளை தூங்குகிறது.

ஆகவே கம்பத்துக் கட்டை அடுப்புக்கு வேண்டாம். பெரட்டுக் களத்தில் குளிர் காயவும் வேண்டாம். ஏற்கனவே எரித்திருந்தால் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், பறக்க விடாதீர்கள். தோட்டத்துக்கும் பீலிக்கரைக்கும் கொண்டு போகாதீர்கள். கை கால் மரத்துப் போவது, வாந்தி, முடி கொட்டுவது இருந்தால், என்ன எரித்தோம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரைச் சோதித்தால் பாஷாணம் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் அடுப்பு எரியாது. பட்டுப்போன மரங்களை விறகாக வெட்டிப் பகிர்ந்து தரும்படி துரையிடம் எழுத்தில் கேட்கப் போகிறோம். எந்த லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு விறகு இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டத் தலைவியிடம் பெயர் கொடுங்கள்.