அழிவதை எண்ணுவது யார்?

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய பொழிவு)



ஓர் ஊரில் ஓர் ஏரி இருக்கின்றது. அரசுப் பதிவேட்டில் அவ்வேரிக்கு எண் உண்டு, பரப்பளவு உண்டு. அதன்கீழ்ப் பாயும் வயல்களுக்கு உரியவர் பெயர் உண்டு. வரப்பில் நிற்கும் பனைக்கும் கணக்கு உண்டு. ஆனால், அவ்வயலில் நாற்று நடுகின்ற பெண்ணுக்கு அப்பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. வாரத்திற்கு உழுகின்றவனுக்கு இடமில்லை. கரையில் ஆடு மேய்க்கும் முதியவருக்கும், ஏரிமண் எடுத்துப் பானை வனைபவருக்கும், அதில் மீன்பிடிப்பவருக்கும் இடமில்லை. நாளை அவ்வூரின்மேல் ஒரு சாலையோ, சுரங்கமோ, வானூர்தி நிலையமோ வரப்போகின்றதென்றால், அரசு நிலத்தை அளக்கும், மரத்தை எண்ணும், விலை கட்டும். பதிவேட்டில் இல்லாத மாந்தரை எண்ணுவது யார்? இவ்வினாவே இன்றைய பொழிவின் பொருள்.

ஒரு திட்டத்தை முடிவு செய்யுமுன், அதனால் மக்கள் வாழ்வில் நேரக்கூடிய ஆக்கத்தையும் கேட்டையும் ஊருக்குள் சென்று ஆராய்ந்து, அவ்வூரார் வாய்ச்சொல்லையும் கேட்டு எழுதுகின்ற முறைக்குக் குமுகாயத் தாக்க மதிப்பீடு என்று பெயர். பெயர்தான் புதிது, பொருள் புதிதன்று. வள்ளுவப் பேராசான் பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் முதற்குறள் கூறும் வரிசையை நோக்குக. முதலில் அழிவதை எண்ணச் சொல்கின்றார், அடுத்து ஆவதை, அதன்பிறகே பின்னர் விளையும் ஊதியத்தை. இன்றைய அரசுகளோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. ஊதியத்தை முதலில் விளம்பரம் செய்கின்றன. ஆவதை மேடையில் முழங்குகின்றன. அழிவதை எவரும் எண்ணுவதில்லை. எண்ணும்படி கேட்டவரை வளர்ச்சிக்குப் பகைவர் என்கின்றன.

திட்டங்களின் விளைவுகளை முன்னரே ஆராய்தல் வேண்டும் என்பதை அமெரிக்கா 1969-இல் சட்டமாக்கியது. ஆயினும், அவ்வாராய்ச்சி எப்படி நிகழ்தல் வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டியது கனடாவின் வடகோடியில் நிகழ்ந்த ஓர் உசாவல். மெக்கன்சி ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே எரிவளிக் குழாய் பதிக்கக் குழும்புகள் முனைந்தன. 1974-இல் தாமசு பெர்கர் என்னும் நடுவரை அரசு உசாவலுக்கு அமர்த்தியது. அவர் தலைநகரில் அமர்ந்துகொண்டு ஊராரை வரச்சொல்லவில்லை. பனிவெளியில் சிதறிக் கிடந்த 35 ஊர்களுக்கும் தாமே சென்றார். ஏறத்தாழ 1000 பேர் அவர்முன் பேசினர். வேட்டைக்காரர் பேசினர், மீனவர் பேசினர், பாட்டிமார் பேசினர். அவரவர் தம் தாய்மொழியிலேயே பேசினர். நாள்தோறும் நடந்ததை அம்மக்களின் மொழிகளிலேயே வானொலி ஒலிபரப்பியது. பழங்குடி அமைப்புகள் தம் தரப்பை எடுத்துரைப்பதற்குப் பொதுப் பணமும் தரப்பட்டது.

1977-இல் பெர்கரின் அறிக்கை வெளிவந்தது. யூக்கானின் வடபகுதியில் குழாய் எக்காலத்தும் கூடாதென்றார். மெக்கன்சிப் பள்ளத்தாக்கில், பழங்குடியினரின் நில உரிமை தீர்க்கப்படும் பொருட்டு, 10 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்றார். பொறியாளர் குழாயின் நீளத்தை அளந்தனர். நடுவரோ அம்மக்களின் வாழ்வை அளந்தார். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே மதிப்பீட்டின் உயிர்நிலை.

இனி, இந்நாட்டுக்கு வருவோம். வெள்ளையர் 1894-இல் இயற்றிய நிலமெடுப்புச் சட்டம், அவர்கள் போன பின்னும் போகவில்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகள் ஆண்டது. ‘பொதுநோக்கம்’ என்று அரசு சொல்லிவிட்டால் நிலம் போய்விடும். அந்நோக்கம் மெய்யானதா என்று ஊரை உசாவும் கடப்பாடு அச்சட்டத்தில் இல்லை. பற்பல போராட்டங்களின் பின்னர், 2013-இல் பாராளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. 2014 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் குறைகள் உடையதே. ஆயினும், அதன் மதிப்பீட்டுப் பகுதியை ஒவ்வொரு தமிழரும் அறிந்திருத்தல் வேண்டும். நிலம் எடுக்குமுன், ஊராட்சியைக் கலந்து ஆய்வு நடத்த வேண்டும். உண்மையிலேயே பொதுநோக்கம் தானா? கேட்கும் நிலம் முழுதும் தேவைதானா? வேறிடம் கிடையாதா? எத்தனைக் குடும்பங்கள் தாக்குறும்? இவற்றுக்கு விடை எழுத வேண்டும். நீர்நிலை, மேய்ச்சல் நிலம், பள்ளி, வழிபாட்டிடம், இடுகாடு, சுடுகாடு ஆகியவை என்னாகும் என்றும் ஆராய வேண்டும். நிலவுடையார் மட்டுமல்லர், மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழ்ந்த உழவுக் கூலியாரும், குத்தகையாரும், கைவினைஞரும் தாக்குற்றோரே என்று அச்சட்டம் ஏற்றது. ஊரில் மக்கள் கருத்துக் கேட்பு நடத்தல் வேண்டும். அறிக்கையை வட்டார மொழியில் வெளியிடல் வேண்டும். வல்லுநர் குழு அதனை ஆய்ந்து, கேடே மிகுதியெனின் திட்டத்தைக் கைவிடச் சொல்லலாம். அதை மீறிச் செல்ல அரசு விரும்பினால், கரணியத்தை எழுத்தில் தருதல் வேண்டும். முதன்முதலாக, பதிவேட்டில் இல்லாதவளுக்கும் ஒரு வரி கிடைத்தது!

அவ்வரியை அழிக்க எத்தனை நாள் ஆயிற்று? 2014 திசம்பர் 31-இல், நடுவணரசு ஓர் இடைக்கால ஆணைச் சட்டத்தால் ஐந்து வகைத் திட்டங்களை மதிப்பீட்டினின்றும் மக்கள் இசைவினின்றும் விலக்க வழிசெய்தது. உழவர் எதிர்ப்பினால் 2015 ஆகத்து இறுதியில் அஃது ஒழிந்தது. ஆனால், குசராத்து, தெலுங்கானா, ஆந்திரம் போன்ற மாநிலங்கள் தத்தம் திருத்தங்களால் அதே வாயிலைத் திறந்துகொண்டன.

தில்லியை மட்டும் குறை கூறி நாம் கைகழுவிவிட முடியுமா? முடியாது. இவற்றுக்கெல்லாம் முன்பே அவ்வாயிலைத் திறந்தது தமிழ்நாட்டுச் சட்டமன்றம்! 2014-இல் 105-அ என்னும் பிரிவைச் சேர்த்து, மூன்று மாநிலச் சட்டங்களை அது விலக்கியது. ஒடுக்கப்பட்ட மக்களின் நலத்திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. தொழில்நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. நெடுஞ்சாலைகளுக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. ஏழைக்கு மனையிடம் தர எடுக்கும் சிறு நிலத்தையும், தொழில்வளாகத்திற்கு எடுக்கும் பெருநிலப் பரப்பையும் ஒரே தட்டில் வைத்தனர். புதுச் சட்டத்தின் இழப்பீட்டு முறைகளை மட்டும் ஏற்றுக்கொண்டனர். ஊரைக் கேட்கும் முறையை விலக்கினர். விலை தருவோம், வினாவுக்கு விடை தரமாட்டோம் என்பதே இதன் பொருள். 2019 சூலையில் சென்னை உயர்முறைமன்றம் இவ்விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டிலேயே, அச்சட்டங்களுக்கு மீண்டும் உயிரூட்டச் சட்டமன்றம் வேறொரு சட்டம் இயற்றியது. 2021 சூனில் உச்ச முறைமன்றம் அது செல்லும் என்றது.

ஆட்சி மாறியது, 1997-ஆம் ஆண்டுச் சட்டம் மாறவில்லை. பரந்தூரில் வானூர்தி நிலையம் என்று 2022-இல் அறிவித்தபின், அதே சட்டத்தின் வழியேதான் நிலமெடுக்கப் புகுந்தனர். ஏகனாபுரத்து மக்கள் தம் ஊரவையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றினர். 2023 சூலையில், நெய்வேலிச் சுரங்கத்தின் கால்வாய்க்காக, வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களில் மண்வாரி எந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது. மாநில உரிமை வேண்டும் என்று முழங்குகின்றோம், அது வேண்டுவதே. ஆனால், தில்லியிடம் பெறும் உரிமை, ஊரின் உரிமையை விழுங்குவதற்கா?

மொழிக்கு வருவோம். 2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு விதிகளை வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றது. எம்மொழியில் வெளியிட்டது? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் 10 நாள்களில் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் சூன் 30-இல் ஆணையிட்டது. மொழிபெயர்ப்பதற்கு மாறாக, நடுவணரசு உச்ச முறைமன்றத்திற்கு மேல்முறையீடு சென்றது. 2006-ஆம் ஆண்டு விதிகளும் சுருக்கத்தை வட்டார மொழியில் தந்தால் போதும் என்றே விட்டுவைத்தன. நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில். சில பக்கம் தமிழில். நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கும் என்னும் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கின்றதென்று உழவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைப் பற்றி அவன் எப்படிக் கருத்துச் சொல்வான்? தமிழ் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்று நாம் கேட்பது பெயர்ப்பலகைக்காக மட்டும் அன்று. உழவன் தன் நிலத்தின் தலையெழுத்தைத் தானே படித்தறிய வேண்டும் என்பதற்காகவும் தான்!

இவ்வாறெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வளர்ச்சி தடைப்படும் என்பர் சிலர். மதிப்பீட்டுக்குச் சட்டம் தந்த காலம் ஆறு திங்களே. ஊரைக் கேளாமல் தொடங்கிய சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை என்னாயிற்று? 2018-இல் அளவுக்கல் நட்டனர். 2019-இல் உயர்முறைமன்றம் நிலமெடுப்பை நீக்கியது. 2020 திசம்பரில் உச்ச முறைமன்றம் அறிவிக்கைகளை ஏற்றது. கேட்க மறுத்ததனால் மிஞ்சிய காலம் எவ்வளவு? மற்றொரு பக்கம், ஒடிசாவின் நியமகிரியைப் பாருங்கள். தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கூவி மொழி பேசும் தொங்கிரியா கோந்தர் வாழும் மலை அது. அங்கே சுரங்கம் வேண்டுமா என்பதில் ஊரவைகளின் சொல்லைக் கேட்குமாறு 2013 ஏப்பிரலில் உச்ச முறைமன்றம் கூறியது. 12 ஊரவைகள் கூடின, 12-உம் வேண்டாவென்றன. சில திங்களில் வினாவும் முடிந்தது, விடையும் கிடைத்தது. மலையும் நின்றது.

ஆகவே, தமிழ்ப் பெருமக்களே! நாம் கேட்க வேண்டியவை மூன்று. தொழிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் தந்த விலக்கைத் தமிழ்நாட்டு அரசு நீக்குதல் வேண்டும். மதிப்பீட்டறிக்கை முழுவதும், சுருக்கம் மட்டுமன்றி, நல்ல தமிழில் ஊரவையின் கைக்கு வருதல் வேண்டும். நிலமில்லாதவரின் சொல்லும் நிலமுடையாரின் சொல்லும் ஒரே எடையோடு அதில் எழுதப்பெறுதல் வேண்டும். இவை கிடைக்கும்வரை காத்திராமல், இளைஞர்கள் இன்றே ஒரு பணி தொடங்கலாம். தத்தம் ஊரில் ஏரியை நம்பி வாழ்பவர் எத்தனை பேர், மேய்ச்சல் நிலம் எவ்வளவு, வாரத்திற்கு உழுபவர் யார் யார் என்று ஒரு சுவடியில் தமிழில் எழுதி வையுங்கள். அளவுக்கல் வரும் நாளில், அச்சுவடி ஊருக்குச் சான்றாகும்.

அழிவதை முதலில் எண்ணுவோம். ஆவதைப் பின்னர்ப் பேசுவோம்.

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்மண்!