வெள்ளை விரிப்பில் ஒரு குறி
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் சங்கப் பாடல்களைப் பற்றியும் புதுக்கவிதையைப் பற்றியும் பேசி உங்கள் பொறுமையைச் சோதித்து வந்திருக்கிறேன். இன்று செயலாளர் இட்ட கட்டளை வேறு. நூல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அண்மையில் கண்டது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். நான் அண்மையில் கண்டது ஓர் ஆடம்பர விடுதி. இலக்கிய மேடையில் விடுதிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன், விடை கிடைக்கவில்லை. ஆயினும் தொடங்குகிறேன்.

எங்கள் ஐம்பதாம் திருமண நாளுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, ஸ்டாம்ஃபர்ட் சாலையிலுள்ள சுவிஸோட்டல் விடுதியில் இரண்டு நாள் தங்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். தோ பாயோவில் சொந்த வீடு இருக்க, பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் போய் அறையெடுத்துத் தங்குவதா என்று என் துணைவியார் மறுத்தார். கட்டிய பணம் திரும்பாது என்று அறிந்த பிறகே பெட்டியை எடுத்தார்.

அவ்விடுதியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1986இல் வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஐ. எம். பெய் என்னும் கட்டடக்கலைஞரின் படைப்பு. 73 மாடிகள், 226 மீட்டர் உயரம், 1,200க்கும் மேற்பட்ட அறைகள். அன்றைக்கு உலகிலேயே மிக உயரமான விடுதி அதுதான். அடிமுதல் முடிவரை 1,336 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். ஆண்டுதோறும் அவற்றில் ஓட்டப்போட்டி நடத்தியதும் உண்டு. நாங்கள் மின்தூக்கியில்தான் ஏறினோம். காது அடைத்துத் திறப்பதற்குள் 58ஆம் மாடி வந்துவிட்டது.

“இவ்வளவு உயரம் தாங்குமா?” என்று துணைவியார் கேட்டார். அது பேதைமைக் கேள்வி அன்று. இவ்விடுதி திறக்கப்பட்ட அதே 1986இல், மார்ச் 15ஆம் நாள், நம் சிராங்கூன் சாலையில் ஆறே மாடி கொண்ட நியூ வோர்ல்ட் ஹோட்டல் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டனர். விசாரணையில் தெரியவந்த காரணத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதன் தூண்களைக் கணக்கிட்டவர், உள்ளே வரும் மனிதர்களையும் பொருள்களையும் கணக்கில் சேர்த்திருந்தார்; கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்காமல் விட்டிருந்தார். பதினைந்து ஆண்டு அது அப்படியே நின்றிருந்தது.

நிற்க. அறையோடு ஒட்டிய சிறு மாடத்துக்கு வந்து கீழே பார்த்தேன். எதிரே சிவப்புக் கூரையோடு ராஃபிள்ஸ் ஹோட்டல், கைப்பிடியில் தூக்கிவிடலாம் போல இருந்தது. 1887இல் ஆர்மேனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் அதைத் திறந்தபோது அதன் முகப்புக்கு எதிரே கடல் இருந்தது. பீச் ரோடு என்ற பெயர் பொய்ப்பெயர் அன்று. கடல்தான் பின்வாங்கிற்று, வாங்கச் செய்தோம். இந்தப் பக்கம் போர்க்காலத்தில் மாண்ட குடிமக்களுக்காக 1967இல் எழுப்பிய நினைவுத் தூண்கள் நான்கும் நான்கு ஊதுவத்திகளாகத் தெரிந்தன. நான் தேடியது இவை எதையும் அன்று. நேர் கீழே ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடினேன். அது இல்லை என்பது தெரிந்தே தேடினேன்.

அந்த மண்ணில்தான் ராஃபிள்ஸ் கல்வி நிலையம் 1837 முதல் நடந்துவந்தது. 1972இல் கிரேஞ்ச் சாலைக்குப் பெயர்ந்தது. பின்னர்ப் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1963இல் நான் அதன் மாணவனாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் அதன் வாயிலைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் ஆள் என்று சொல்வதிலும் பிழை இருக்கிறது. அதை இப்போது சொல்கிறேன்.

என் தந்தையார் சலவைத் தொழிலாளி. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவர். பிராஸ் பசா சாலையின் மறுகோடியிலுள்ள டோபி காட், நம்மவர் அங்கே ஓடையில் துணி துவைத்ததால் பெற்ற பெயர் என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பீர்கள். இன்று அவ்வோடை பெரும்பாலும் தெருவுக்கடியில் கால்வாயாகக் கிடக்கிறது. தந்தையார் காலத்தில் ஓடைத்துறை இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைத் தொட்டிகளில்தான் வெளுப்பார். பீச் ரோட்டுப் பக்கத்துச் சிறு விடுதிகளுக்குச் சைக்கிளில் போய் அழுக்கு விரிப்புகளைக் கட்டி வருவார். துணி மாறிப் போகாதிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறி போடுவார். சுண்ணாம்பு சேர்ந்தால் அது கறுத்துப் போகும். துணி கிழியுமே தவிரக் குறி போகாது. பழக்கதோஷத்தால் என் பள்ளிச் சட்டையின் கழுத்துப் பட்டைக்குள்ளும் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போட்டுவிட்டார். நீலமிட்டு, கஞ்சி போட்டு, மடிப்பு நிற்கத் தேய்த்த சட்டை. அவ்வளவு வெள்ளைச் சட்டை அந்தப் பள்ளியில் வேறு எவனிடமும் இல்லை.

1964இல் ஒரு மழைக்காலக் காலை. நான் மறந்துபோன குடையை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் மூட்டையோடு தந்தையார் பள்ளி வாயிலுக்கு வந்து நின்றார். உடன் நின்ற சீன நண்பன் யாரென்று கேட்டான். “எங்கள் வீட்டு டோபி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தந்தையாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் டோபி என்னும் சொல் ஆங்கிலத்திலும் மலாயிலும் நம் வீட்டுத் தமிழிலும் ஒன்றுதான். குடையை என் கையில் கொடுத்தார். “வரேனுங்க தம்பி” என்றார். வாடிக்கைக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது. எனக்கு அந்த ‘ங்க’வை அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் பேசாமலே, இந்த விடுதி பாதி உயரம் எழும்பியிருந்த 1983இல் காலமானார்.

விடுதியின் முதலிரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, விரிப்பின் நான்கு ஓரங்களையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. துணைவியார் விழித்து, “என்ன தேடுறீங்க?” என்றார். ஐம்பதாண்டு இல்லறத்தில் அவரிடம் சொல்லாதிருந்ததை அப்போது சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். “அதை மாமா எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாங்களே” என்றார். “எப்படிச் சொன்னார்?” என்று கேட்டேன். “சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அவன் என்ன பொய்யா சொன்னான், நம்ம வீட்டுத் துணியையும் நான்தானே வெளுக்கிறேன்னு.” சற்று நேரம் கழித்து, “ஆனா, ஒரு தடவை இல்லை, ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்காங்க” என்று சேர்த்துக்கொண்டார். பிறகு மறுபுறம் திரும்பிப் படுத்தார். நான் மாடத்துக்குப் போய் நின்றேன். அந்த உயரத்தில் தெருவின் ஓசை கேட்பதில்லை; வாகனங்கள் வாயில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன.

விடுதியைப் பற்றி வேறு என்ன சொல்ல? காலை உணவு மேசையில் பத்து வகைப் பழச்சாறு இருந்தது. இட்டிலி கல்லாக இருந்தாலும் மன்னிக்கத் தயாராகப் போனேன், இட்டிலியே இல்லை.

புறப்படும் நாள் காலையில் விரிப்புகளை நானே உருவி மடித்து வைத்தேன். நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து, ஓரம் உள்ளே போகுமாறு மூன்றாக மடிப்பது தந்தையார் பழக்கிய மடிப்பு, கை மறக்கவில்லை. அறையைத் துப்புரவு செய்ய வந்த பணிப்பெண் அதைப் பார்த்து நின்றுவிட்டு, ஐயா விடுதியில் வேலை பார்த்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை. என் தந்தை டோபி” என்றேன்.

அவர் தலையசைத்தார். விரிப்புகளை எடுத்துத் துணிவண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தட்டப் போனார்.