மையவாடி நோட்டில் இன்னும் ஒரு கட்டம்

(மதுரையில் மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

  

உங்கள் பள்ளிவாசல் அலுவலக அலமாரியில் ஒரு நீள நோட்டு இருக்கும். மவுத்தானவர் பெயர், தகப்பனார் பெயர், தெரு, தேதி, குழிக்கூலி. இவ்வளவுதான் அதில் இருக்கும். சந்தா பாக்கித் தகராறு வந்தாலொழிய யாரும் அதைத் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். ஜனாஸா தொழுகை முடிந்து திரும்பும்போது எங்கள் மோதினார் என் காதருகே வந்து, "ஹஜ்ரத், இந்த மாசம் இது அஞ்சாவது குழி. மூணு பேரு ஒரே தெரு" என்றார். நோட்டைப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. அந்த மூன்று வீடுகளுக்கும் போய் விசாரித்தோம். மூவருக்கும் நாலைந்து நாள் காய்ச்சல். மூவரும் வெவ்வேறு கிளினிக்குகளுக்குப் போயிருக்கிறார்கள். ஆக, மூன்று டாக்டர்களும் ஆளுக்கு ஒரு நோயாளியைத்தான் பார்த்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர், குழி வெட்ட ஆள் கூப்பிடப் போன மோதினார் ஒருவர்தான்! சுகாதார ஊழியர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு டிரம்களில் கொசுப்புழு. பள்ளிவாசல் மாடித் தொட்டியிலும் கொசுப்புழு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோய்க் கண்காணிப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அது இதுதான். தனித்தனியாக நடப்பதை ஒருவர் சேர்த்து எண்ணிப் பார்ப்பது. லண்டன் மாநகரில் பிளேக் நோய்க் காலத்தில் ஒவ்வொரு வட்டாரத் தேவாலயமும் வாரந்தோறும் மரணக் கணக்குக் கொடுத்தது. ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி அந்தக் கணக்குகளைக் கூட்டிக் கழித்து 1662ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் மருத்துவரல்ல, நம் விளக்குத்தூண் கடைக்காரர்களைப் போன்ற ஒருவர். மரணக் கணக்கைக் கொண்டு நோயை ஆராயும் கலைக்கு அவரையே முன்னோடி என்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலூருக்கு வாருங்கள். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'நதி' என்று வரும். அச்சடித்த தபால் கார்டுகள். குறிப்பிட்ட நோய் வந்தால் டாக்டர் அதை நிரப்பித் தபாலில் போட வேண்டியது. அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் டாக்டர்களும் எழுதினார்கள். முக்கியம் அதுதான்! நம் மக்கள் காய்ச்சல் என்றால் முதலில் எங்கே போகிறார்கள்? தெருமுனைக் கிளினிக்குக்குத்தானே? இன்னொன்றும் செய்தார்கள். வந்த கணக்கைத் தொகுத்து, எழுதியவர்களுக்கே மாதந்தோறும் செய்தி மடலாகத் திருப்பி அனுப்பினார்கள். தான் எழுதிய கார்டு குப்பைக்குப் போகவில்லை என்று தெரிந்தால்தானே அடுத்த கார்டை எழுதுவான் மனிதன்? செலவோ தலைக்கு ஆண்டுக்கு ஒரு அமெரிக்க சென்ட் கூட ஆகவில்லை. 1998ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. 2004ல் மத்திய அரசு நாடு தழுவிய கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று கார்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் திருப்பிச் சொல்லும் பழக்கம் மட்டும் நம் மஹல்லா வரைக்கும் வந்து சேரவில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்கு வேறு வகை வந்தால் ஆபத்து கூடும். எந்த ஊரில் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். 1985ல் மதுரையில் தொடங்கப்பட்ட கொசு ஆராய்ச்சி மையத்தினர், நம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே மூன்றாம் வகை இருந்ததைக் கண்டறிந்து 2010ல் வெளியிட்டார்கள். 2012ல் கடையநல்லூர் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா? அந்த ஆண்டு தமிழகத்தில் டெங்கு கண்டவர்கள் 12,000க்கும் மேல். இறந்தவர்கள் 66 பேர் என்கிறது அரசுக் கணக்கு. குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் ஜனங்கள் டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? கணக்குக் கொடுக்கும்போது இதையும் அதிகாரிகளிடம் கேட்க வேண்டும்.

சகோதரர்களே! இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். "கணக்குக் கொடுத்து என்ன கண்டோம் ஹஜ்ரத்? 2020ல் நம்மைத்தானே நோய் பரப்பியவர்கள் என்றார்கள்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25ல் இதே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அடுத்த சில நாட்களில் தினசரி அறிக்கைகளில் டெல்லி மாநாடு, டெல்லி மாநாடு என்று தனிக் கணக்கு. அதன் பிறகுதான் நம் மாநில சுகாதாரத்துறை அந்தப் பெயரை விட்டு, 'ஒரே இடத்திலிருந்து தொற்றியது' என்று சொல்லத் தொடங்கியது. நோயாளிகளை மதம் பார்த்துப் பிரிப்பது உதவாது என்று உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 6ல் சொன்னது. எந்தச் சமூகத்தின் மீதும் பழி போடாதீர்கள் என்று மத்திய அரசும் அறிவுரை வெளியிட்டது. ஆகஸ்ட் 21ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அதற்குள் என்ன நடந்தது தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், பேத்தியின் நிக்காஹ் நின்றுவிடும் என்று பயந்து, காய்ச்சலை ஒன்பது நாள் மறைத்தார். பத்தாவது நாள் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். திரும்பவில்லை.

பழி சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரை மறைக்கவிட்ட நம் மீதும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்ஃ என்ற இடத்தை அடைந்தபோது, அங்கிருந்த தளபதிகளே எதிரில் வந்து, ஷாமில் கொள்ளைநோய் கண்டிருக்கிறது என்று சொன்னார்கள். ஆலோசனை கலந்து அவர் படையுடன் திரும்பினார். திரும்பியதைத்தான் நாம் பயான்களில் சொல்கிறோம். தளபதிகள் மறைக்காமல் வந்து சொன்னதைச் சொல்வதில்லை.

ஆகவே நிர்வாகிகளே, மையவாடி நோட்டில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள். 'காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாள்?' அவ்வளவே. ஒரே தெருவில் இரண்டாவது வந்தால் மாதக் கடைசி வரை காத்திராமல் அன்றைக்கே மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடமும், கிராமமானால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லுங்கள். தெருவையும் எண்ணிக்கையையும் முதலில் கொடுங்கள். பெயரும் முகவரியும் வீட்டார் சம்மதத்தோடு போகட்டும். பெண்களின் காய்ச்சல் ஆண்கள் காதுக்கு வருவதற்குள் முற்றிவிடுகிறது. அதற்கு மகளிர் மதரஸா ஆலிமாக்கள் பொறுப்பேற்க வேண்டும். கொடுத்த கணக்குக்கு என்ன செய்தீர்கள் என்று மாதம் ஒரு தாள் எழுதி வாங்கிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். அதில் மஹல்லா பெயரோ மதமோ பத்திரிகைக்குப் போகக்கூடாது என்பதையும் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி ஜமாஅத்தினர் மாதிரித் தாள் கேட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மோதினாரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஸ்கேலும் பேனாவும் உங்களிடமே இருக்கும்.